பாப்பம்மாவின் பசுவும் பாதிப் படிப்பும்

மதராஸ் கால்நடை வைத்தியக் கல்லூரியில் முதல் வருஷம் பாதி படித்திருந்த பரஞ்சோதி, அக்காள் கல்யாணத்துக்காக மலாயாவில் சுங்கை பட்டாணியிலிருந்த வீட்டுக்கு வந்தான். பந்தலைப் பிரிப்பதற்குள் ஜப்பான்காரன் வந்துவிட்டான். கப்பல் நின்றது. அப்பாவின் மளிகைக்கடை காலியாயிற்று. சிடாம் கிரிப் பக்கம் ஒரு தோட்டத்தில் குடும்பத்தோடு மரவள்ளி நடப் போனான்.

தோட்டத்துக் கூலியாட்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் எல்லாருக்கும் அவன் 'மாட்டு டாக்டர்'. அவனுக்கோ அந்தப் பெயரைக் கேட்டாலே எங்காவது ஓடி ஒளியத் தோன்றும். கல்லூரியில் அவன் தொட்டதெல்லாம் செத்த மாடுகள்தான். அவை உதைப்பதில்லை.

ஒரு நாள் காலையில் பாப்பம்மா தலைவிரி கோலமாக ஓடிவந்தாள்.

"தம்பி, மாடு சக்கரவள்ளிக் கொடியை மேஞ்சிட்டு வயிறு ஊதிக் கிடக்கு! வந்து பாருங்க!"

"அக்கா, நான் ஒரு வருஷம்கூட முடிக்கல. எலும்பு எங்க, குடல் எங்கன்னுதான் படிச்சேன். நோவு, மருந்தெல்லாம் இனிமேதான் லா."

"வயிறு எங்கன்னு தெரியுமில்ல? அது போதும், வாங்க!"

டின்பால் கண்ணில் படாத காலம். லயத்துக் கைக்குழந்தைகளுக்கெல்லாம் அந்தப் பசுவின் பால்தான். பரஞ்சோதி போனான்.

பசு நாக்கைத் தள்ளிக்கொண்டு திணறியது. பாப்பம்மாவின் நாத்தனார் பிரேமாவதி அதன் கொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாட்டின் நாலு இரைப்பைகளில் பெரியது இடப்பக்கம் இருக்கிறது. அதைக் குத்திக் காற்றை இறக்க வேண்டும். "இடப்பக்கம், இடப்பக்கம்" என்று பாடத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டான். ஆனால் பசுவுக்கு எதிரே நின்றவன் கை மாட்டின் வலப்பக்கம் போயிற்று.

"உங்க இடப்பக்கமா, மாட்டோட இடப்பக்கமா?" என்றாள் பிரேமாவதி.

பரஞ்சோதிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பசுவின் பக்கத்தில் போய், அது பார்த்த திசையைப் பார்த்து, முதுகை வளைத்து மாடு மாதிரியே நின்றான். சுற்றி நின்ற லயத்துக் கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவன் அதைக் காதில் வாங்கவில்லை. இடப்பக்கம் தட்டினான். உறுமி மேளம்போல் ஒலித்தது.

"மீன் அறுக்கிற கூர்க்கத்தியும் அடுப்பு ஊதுற சின்னக் குழலும் கொண்டாங்க. வெந்நீர்ல போட்டு எடுங்க!"

கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே விரலால் இடம் குறித்தான். கண்ணை மூடவேண்டும்போல் இருந்தது, மூடவில்லை. கத்தி இறங்கியது. குழலைச் செருகினான்.

புஸ்ஸென்று கிளம்பியது காற்று. அந்த நாற்றத்தில் கூட்டம் மூக்கைப் பொத்திக்கொண்டு மரவள்ளிக் கொல்லை வரை ஓடியது. பிரேமாவதி மட்டும் கொம்பை விடாமல், முகத்தைத் தோளில் புதைத்துக்கொண்டு சிரித்தாள். வயிறு தணிந்தது. பசு ஒரு பெருமூச்சு விட்டு எழுந்து, பரஞ்சோதியின் முழங்காலில் ஓர் உதை விட்டது.

"பொழைச்சிருச்சு!" என்று கத்தினான், நொண்டிக்கொண்டே.

காயத்தைக் கழுவி மஞ்சள் பூச அவன் தினமும் போனான். காயம் ஆறிய பிறகும் போனான். பிரேமாவதி குச்சியால் பசுவைத் தொட்டுத் தொட்டு, "இதுக்குள்ள என்ன இருக்கு?" என்று கேட்பாள். தெரியாததைத் தெரியாது என்றே சொன்னான். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

அடுத்த தையில் இருவருக்கும் கல்யாணம். பந்தியில் அரிசி கொஞ்சம், மரவள்ளி நிறைய.

ஜப்பான்காரன் போய்க் கப்பல் ஓடியதும் இருவரும் மதராசுக்குப் போனார்கள். கல்லூரியில் அவனை மறுபடியும் முதல் வருஷத்தில் உட்கார வைத்தார்கள். உடற்கூறு பரீட்சையில் பரஞ்சோதிதான் முதல்.