கிழக்கு வளைவின் பதினோரு தூண்கள்

வெல்டருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் தூக்கம்தான். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு காற்று வாங்கப் போன ஆள் இல்லை அவன். அப்படிப்பட்டவன் காலையிலேயே சட்டையை மாட்டிக்கொண்டு, "கெளம்புங்க, கடலோரத் தோட்டத்துக்குப் போயிட்டு வரலாம்" என்று நின்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? அவன் மனைவிக்கு வரவில்லை. காரணத்தை அவளே கண்டுபிடித்து வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை மகளின் வகுப்பு முழுவதும் அதே தோட்டத்துக்குச் சுற்றுலா போயிருந்தது. "பாப்பாவுக்கு இருமல், கடல் காத்து ஆகாது" என்று கடைசி நிமிஷத்தில் இவன்தான் பிடிவாதமாக நிறுத்திவிட்டான். பிள்ளை இரண்டு நாளாக அப்பனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த உறுத்தல்தான் மனுஷனைக் கிளப்பிவிட்டது என்று அவள் தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

உறுத்தல் இருந்தது உண்மை. ஆனால் அது வேறு உறுத்தல்.

வியாழக்கிழமை சாயங்காலம் பட்டறையில் சாமான் பெட்டியை ஒழித்துக்கொண்டிருந்தபோது, அடியில் இரண்டு பாக்கெட் வெல்டிங் ராடு கிடைத்தது. சீல் உடைக்காதவை. மேலே அவன் கையெழுத்திலேயே 'கிழக்கு வளைவு' என்று எழுதியிருந்தது. தோட்டத்துக் கம்பித் தடுப்பின் அந்த வளைவுக்கென்று அவன் எடுத்து வைத்த ராடு அப்படியே கிடந்தால், அங்கே தூண்களைப் பற்றவைத்தது எதை வைத்து?

அந்தத் தோட்டம் நூறு வருஷமாக ஒரே பணக்காரக் குடும்பத்தின் சொத்து. கடல் பக்கம் இரண்டு ஆள் உயரத்துக்கு மதில் வைத்திருந்தார்கள். ரோஜாப் பாத்தி, அல்லிக்குளம், கண்ணாடி வீடு என்று உள்ளே என்னென்னவோ இருப்பதாக ஊருக்குள் பேச்சு உண்டே தவிர, பார்த்தவர் கிடையாது. நகராட்சி அதை வாங்கிப் பொதுப் பூங்காவாக்கியபோது முதல் காரியமாக மதிலை இடித்தார்கள். எல்லோரும் கடலைப் பார்க்க வேண்டாமா? மதில் இருந்த இடத்தில் இடுப்புயரத்துக்கு இரும்புக் கம்பித் தடுப்பு வந்தது. அந்த வேலை அவன் மனைவியின் அண்ணன் பட்டறைக்குக் கிடைத்தது. மச்சானும் அவனும் மாறி மாறி நின்று முடித்தார்கள்.

முடித்தார்கள் என்றுதான் நினைத்தார்கள். தூணை முதலில் தரையிலிருக்கும் தகட்டின் மேல் நிறுத்தி, இரண்டு இடத்தில் பொட்டு வைத்த மாதிரி பற்றவைப்பார்கள். அது விழாமல் நிற்க மட்டும். அப்படி நிறுத்திய தூணில் சாக்கட்டியால் ஒரு வளையம் போடுவார்கள். அப்புறம் சுற்றிலும் முழுசாகப் பற்றவைக்கிறவன்தான் அந்த வளையத்தை அழிக்க வேண்டும். பட்டறையில் வருஷக்கணக்காக இதுதான் வழக்கம். திறப்பு விழாவுக்கு முதல் நாள் சாயங்காலம் கிழக்கு வளைவில் பதினோரு தூணைப் பொட்டு வைத்து நிறுத்தி வளையம் போட்டுவிட்டு அவன் வீட்டுக்குப் போனான். அன்றைக்கென்று தோட்டக்காரர்கள் புதுப் புல்லுக்குக் குழாயைத் திறந்துவிட்டு, தூண்களையும் சேர்த்துக் குளிப்பாட்டிவிட்டார்கள். விடிந்து வந்து பார்த்தால் ஒரு வளையமும் இல்லை. மச்சான் இருந்து முடித்துவிட்டான் என்று இவன் நினைத்தான். காலையில் இவன் முடித்துவிட்டான் என்று மச்சான் நினைத்தான். பெயின்டர் யாரையும் கேட்கவில்லை. பத்து மணிக்குள் பச்சைப் பெயின்ட் அடித்து எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கிவிட்டான்.

ராடு பாக்கெட்டோடு மச்சானிடம் ஓடினான்.

"ரெண்டு மாசம் நின்னது நாலு நாள் நிக்காதா?" என்றான் மச்சான். "திங்கக்கிழமை தோட்டத்துக்கு லீவு. மெஷினைத் தூக்கிட்டுப் போயி, காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சிடலாம். இப்ப வாயத் திறந்தே, பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான். உன் சோறும் அதுலதான் வருது."

அவன் தலையாட்டினான். இன்றுவரை அவனுக்கு ஆறாதது அந்தத் தலையாட்டல்தான்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை. திங்கள் வரைக்கும் தாங்க முடியாமல்தான் ஞாயிற்றுக்கிழமை கிளம்பினான். ஒருவேளை மச்சான் வேறு ராடு போட்டு முடித்துவிட்டு மறந்திருக்கலாம் அல்லவா? விரலால் தடவிப் பார்த்தாலே தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் நிம்மதி.

தோட்டத்துக்குள் நல்ல கூட்டம். பழைய எஜமானர்களின் வீட்டில் நாற்காலிகளுக்குக் குறுக்கே சிவப்புக் கயிறு கட்டியிருந்தார்கள். "உக்காரவும் விடமாட்டாங்களாம், அப்புறம் எதுக்கு இத்தனை நாற்காலி?" என்று அவன் மனைவி சத்தமாகவே கேட்டாள். அல்லிக்குளத்தைச் சுற்றினாள், ரோஜாவுக்குக் கிட்டப் போய் மோந்து பார்த்தாள். அவன் கண் கடல் பக்கமே போய்க்கொண்டிருந்தது.

மகள் மட்டும் எதையும் பார்க்கவில்லை. "கடல் பக்கம் போலாம். எங்க கிளாஸ் போட்டோ அங்கதான் எடுத்தாங்க. எல்லாரும் வரிசையா கம்பியில சாஞ்சுக்கிட்டு. நான் மட்டும்தான் இல்ல" என்றாள்.

"போலாம். நீ அம்மா கையைப் புடிச்சுக்க. நான் சொல்ற வரைக்கும் கிட்ட வரக்கூடாது."

"ஏன்?"

"சொன்னாக் கேளு."

கிழக்கு வளைவில்தான் காட்சி நன்றாகத் தெரியும். அதனால் கூட்டமும் அங்கேதான். கம்பிக்கு அந்தப் பக்கம் இரண்டு மாடி ஆழத்தில் பாறைகள். ஒரு இளம் ஜோடி கம்பியில் முழங்கையை ஊன்றி உலகத்தை மறந்து நின்றது. அவன் முதல் தூணுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு அடியில் கட்டைவிரலை ஓட்டினான். பெயின்டுக்குக் கீழே பற்றவைப்பு கயிறு மாதிரி தடிப்பாக, தொடர்ச்சியாக ஓடியது. நல்ல வேலை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும். மச்சான் முடித்துத்தான் இருக்கிறான் என்று மூச்சு விட்டான். நான்காவது தூணில் விரல் வழுக்கிக்கொண்டு போயிற்று. ஒரு பொட்டு. அப்புறம் வழவழவென்று வெறும் பெயின்ட். அந்தப் பக்கம் இன்னொரு பொட்டு. அவ்வளவுதான். அந்தப் பொட்டின் ஓரத்தில் உப்புக்காற்று ஏற்றிய துரு விரலில் பழுப்பாக ஒட்டியது. முதல் மூன்றும் மச்சான் முன்பே முடித்தவை, தான் பொட்டு வைத்த பதினொன்று இங்கிருந்துதான் ஆரம்பம் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

அவன் நிமிர்வதற்குள் ஒரு பெரிய குடும்பம் வந்து சேர்ந்தது. பெரியவர்கள், குழந்தைகள் என்று இருபது பேருக்குக் குறையாது. கேமராவோடு வந்தவர், "எல்லாரும் கம்பியை ஒட்டி நில்லுங்க. இன்னும் கொஞ்சம் பின்னால சாயுங்க" என்று வரிசைப்படுத்தினார்.

"சாயாதீங்க!" என்று கத்தினான். குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. "தள்ளி வாங்க! தூண் நிக்காது!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். "இரும்புங்க அது" என்று ஒருவர் கம்பியைத் தட்டியே காட்டினார். அவன் அந்த மனுஷன் கையைப் பிடித்து இழுத்தான். அவர் உதறினார். கூச்சல் கிளம்பியது. அவன் மனைவி ஓடிவந்து, "என்னங்க, என்னங்க ஆச்சு உங்களுக்கு?" என்று அவன் தோளை உலுக்கினாள். காவலாளியும் விசிலை ஊதிக்கொண்டு வந்துவிட்டார்.

"என்னய்யா கலாட்டா? குடிச்சிருக்கியா?"

"சார், இதைப் பத்தவச்சது நான்தான். இந்தத் தூணுங்க முழுசா பத்தவைக்கல."

"காதுல பூ சுத்தாதே. நடய்யா வெளியே."

அப்போதுதான் அவனுக்கு நுழைவுச்சீட்டு ஞாபகம் வந்தது. சட்டைப் பையிலிருந்து அதையும் வீட்டுச் சாவியையும் எடுத்து, மூன்றாவது தூணின் அடியில் பெயின்டைச் சுரண்டினான். சீட்டின் ஓரத்தை வைத்து அழுத்தினான். அது மடங்கியதே தவிர உள்ளே போகவில்லை. "பாருங்க, இது சரியான வேலை." நான்காவது தூணுக்கு நகர்ந்து அங்கேயும் சுரண்டினான். சீட்டு சரசரவென்று தூணுக்கும் தகட்டுக்கும் நடுவே புகுந்து, பாதிக்கு மேல் காணாமல் போயிற்று. அவன் அதை வெளியே இழுத்து, மறுபடி உள்ளே விட்டுக் காட்டினான்.

காவலாளியின் முகத்தில் ஈயாடவில்லை. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கூட்டத்தைப் பின்னால் தள்ள ஆரம்பித்தார். இளம் ஜோடி தீயை மிதித்த மாதிரி துள்ளி விலகியது. ஐந்து நிமிஷத்தில் யாரோ கயிறு கொண்டுவந்தார்கள். வீட்டுக்குள் நாற்காலிகளுக்குக் கட்டியிருந்த அதே சிவப்புக் கயிறுதான். அது வளைவு நெடுக மரத்துக்கு மரம் கட்டப்பட்டது.

அதற்கப்புறம் நடந்ததுதான் அவனால் தாங்க முடியாததாக இருந்தது. எல்லோரும் அவனைப் புகழ்ந்தார்கள். கேமராக்காரர் அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "எங்க குடும்பத்தையே காப்பாத்தினீங்க" என்று கண் கலங்கினார். யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். பட்டறை அண்ணனுடையது என்பது அவன் மனைவிக்குத் தெரியாதா? தெரிந்தும் அவள் அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அண்ணன் என்ன வேணா சொல்லட்டும், நான் பாத்துக்கறேன்" என்று காதோடு சொன்னாள். அந்தப் பிடியில் பெருமை இருந்தது.

காவலாளி நோட்டை எடுத்தார். "மேலதிகாரிக்கு எழுதணும். இது எப்ப உங்களுக்குத் தெரிஞ்சுது?"

'இப்பத்தான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய் வரைக்கும் வந்தது. அவன் மகளைப் பார்த்தான். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, தூண்களை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"வியாழக்கிழமை" என்றான்.

காவலாளி எழுதிக்கொண்டே இருந்தார். அவன் கையைப் பிடித்திருந்த மனைவியின் பிடி மெல்லத் தளர்ந்தது. அவள் கையை எடுத்துக்கொண்டாள். அப்புறம் மிகவும் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"அப்ப பாப்பாவை நிறுத்தினது இருமலுக்காக இல்ல."

அவன் விரலில் ஒட்டியிருந்த துருவைச் சட்டையில் துடைத்தான்.

"நாப்பது பிள்ளைங்க. நம்ம புள்ளைய மட்டும் வீட்டுல நிறுத்திட்டு, மத்த முப்பத்தொம்பது பேரையும் அனுப்பிட்டீங்க."

"திங்கக்கிழமை சரி பண்ணிடலாம்னு உங்கண்ணன்..." என்று ஆரம்பித்தான். அவன் காதுக்கே அது சப்பைக்கட்டாகக் கேட்டது. பாதியில் நிறுத்திவிட்டான்.

மகள் ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு நாள் கோபமும் போன இடம் தெரியவில்லை. நடந்ததில் அவளுக்குப் பயத்தைவிட வியப்புதான் அதிகம்.

"அம்மா, அந்த அஞ்சாவது தூண்லதான் என் பக்கத்து பெஞ்சுக்காரி சாஞ்சிருந்தா. போன்ல வந்த போட்டோவுல பாத்தேன். நான் வந்திருந்தா நானும் அங்கதான் நின்னிருப்பேன், இல்லம்மா?"

"நீ வந்திருக்க மாட்டே" என்றாள் அவள். "உங்கப்பா விட்டிருக்க மாட்டாரு."

பிள்ளையை அழைத்துக்கொண்டு அவள் வாசலைப் பார்த்து நடந்தாள். காவலாளி பேனாவைத் தட்டி, பட்டறையின் விலாசத்தைக் கேட்டார். அவன் சொன்னான்.