கரிவாயுக் கார்

இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோலுக்குப் பஞ்சம். கருப்பட்டி வியாபாரிகள் நாங்கள் காரின் பின்னால் கரி அடுப்பு மாட்டி, அதன் வாயுவில் ஓட்டினோம். அடுப்பு பற்ற, கையால் புளோயரைச் சுற்றிக் காற்று ஊத வேண்டும். என் கார் கிளம்ப அரைமணி நேரம். எதிர்வீட்டுச் செந்தில்வேலின் காருக்கு ஐந்தே நிமிடம். தினமும் எனக்கு வயிறு எரியும்.

"என்ன புளோயருன்னு அவுகள்ட்டயே கேளுங்களேன்" என்றாள் என் மனைவி சீனித்தாய்.

"அவன்ட்டயா? செத்தாலும் கேக்க மாட்டேன்."

பழைய இரும்புக் கடையில் ஒரு புளோயர் வாங்கி, ஞாயிறு முழுக்க முற்றத்தில் உட்கார்ந்து நானே மாற்றினேன். விரல் கிழிந்தது. ஆனால் கார் ஐந்தே நிமிடத்தில் கிளம்பியது! செந்தில்வேல் வெளியே வரும்வரை ஹாரனை அழுத்தினேன்.

அவன் வந்தான். பெருமையோடு புளோயரின் கரியைத் துடைத்துக் காட்டினேன். துடைத்த இடத்தில் வட்டமும் மூன்று கோடும் உளியால் கொத்தியிருந்தன. அவனுடைய கருப்பட்டிச் சிப்பம் ஒவ்வொன்றிலும் இருக்கும் அதே முத்திரை.

"நான் புதுசு மாட்டிட்டு இதக் கடையில போட்டேன்" என்றான் செந்தில்வேல். "நல்லா ஊதுதா, அண்ணாச்சி?"