கஞ்சி காய்ச்சிய டென்மார்க்காரி

ஜூலியாவுக்குச் சிநேகிதி என்று சொல்லிக்கொள்ள யாரும் கிடையாது. பெங்களூர் மர்பி டவுன் சந்தில் அவளோடு படித்தவர்கள் துபாய், கனடா என்று பறந்துவிட்டார்கள். ஹெப்பகோடி கம்பெனியில் கூட வேலை பார்ப்பவர்களுக்குக் குழந்தை, குட்டி, டியூஷன். கூட வர ஆளில்லாமல்தான் அவள் தனியாக ஜார்ஜியாவுக்குப் போனாள். அதற்கு ‘சோலோ டிராவல்’ என்று பகட்டாக ஒரு பேர் இருப்பதே அங்கே போன பிறகுதான் அவளுக்குத் தெரியும்.

தலைநகர் டிபிலிசியில் ஒரு ஹாஸ்டல். ஒரே அறையில் எட்டுப் பேர், அடுக்குக் கட்டில். கீழே ஜூலியா, மேலே அதிதி. அதிதியும் பெங்களூர்தான், வசதியானவர்கள் இருக்கும் மல்லேஸ்வரத்துப் பெண், வீட்டில் தமிழ். ஹாஸ்டலில் யாரும் யாரையும் எந்த ஏரியா, அப்பா என்ன வேலை என்று குடைவதில்லை. ஊர்ப் பேரைச் சொன்னால் போதும். ‘பெங்களூர்’ என்று இருவரும் ஒரே நேரத்தில் சொல்லிச் சிரித்ததில் ஆரம்பித்தது.

போன இடத்தில் எதையோ தின்று அதிதிக்கு வயிறு கெட்டுப்போனது. கூட்டமாகச் சுற்றிய வெள்ளைக்காரப் பிள்ளைகள் ‘கெட் வெல் சூன்’ சொல்லிவிட்டு அவரவர் பாதையைப் பார்த்துப் போய்விட்டார்கள். பக்கெட் பிடித்தது ஜூலியா, துணி அலசியது ஜூலியா, பொதுச் சமையலறையில் அரிசியைக் குழைய வேகவைத்து மிளகு தட்டிப் போட்டுக் கஞ்சி காய்ச்சியதும் ஜூலியாதான். மலைமேலிருக்கும் சர்ச்சில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வா என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். ஜார்ஜியாவைத் தேர்ந்தெடுத்ததே அந்த சர்ச்சுக்காகத்தான். அதுவும் போச்சு.

“நீ இல்லேன்னா நான் செத்தே போயிருப்பேன்டி” என்று அதிதி கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “அடுத்தது வியட்நாம். நாம ரெண்டு பேரும். ப்ராமிஸ்.”

பெங்களூர் திரும்பியதும் அந்த ப்ராமிஸ் இளைக்க ஆரம்பித்தது. மெசேஜ் போட்டால் ஒரு இதயப் படம் வரும், அவ்வளவுதான். மாதா திருவிழாவுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டபோது, “உங்க பக்கம் பார்க்கிங் ரொம்பக் கஷ்டமாச்சே” என்றாள். ஜூலியா அதையும் நம்பினாள். வியட்நாமுக்கு லீவும் வாங்கிவிட்டாள். வருவாளா மாட்டாளா என்பதை மட்டும் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட வேண்டும் என்றிருந்தபோது, தனியாகப் பயணம் போனவர்கள் பேசும் கூட்டத்தில் அதிதி பேசுகிறாள் என்று போனில் விளம்பரம் வந்தது. இந்திரா நகரில் ஒரு காபிக் கடை மாடி. சொல்லாமல் போய் நின்றால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்து, இருப்பதில் நல்ல குர்தாவைப் போட்டுக்கொண்டு போனாள்.

அதிதி இங்கிலீஷில் அழகாகப் பேசினாள். ஹாஸ்டல், அடுக்குக் கட்டில், வயிற்றுவலி எல்லாம் வந்தது. ஜூலியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போது அதிதி சொன்னாள்: “என் கீழ்க்கட்டிலில் டென்மார்க்கிலிருந்து வந்த ஒரு பெண். பேர் ஜூலியா. என் பாஷை அவளுக்குத் தெரியாது, அவள் பாஷை எனக்குத் தெரியாது. அவள் ஊர்க் கஞ்சி ஒன்றை எனக்குக் காய்ச்சிக் கொடுத்தாள்.”

கூட்டம் உருகியது. மர்பி டவுன் மிளகுக் கஞ்சி கப்பலேறி டென்மார்க் போய்ச் சேர்ந்தது. ஒரு பெண் எழுந்து, “அவளோடு இன்னும் தொடர்பு இருக்கிறதா?” என்று கேட்டாள். அதிதி பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். முகம் ஒரு கணம் செத்துப் பிழைத்தது.

“இல்லை” என்றாள். “அந்த மாதிரி சிநேகம் அங்கேயே முடிந்துவிடும். அதுதான் அதன் அழகு.”

கை தட்டினார்கள்.

இடைவேளையில் அவளே ஜூலியாவிடம் வந்தாள். “வரேன்னு சொல்லவே இல்லியே! தப்பா எடுத்துக்காதடி. பெங்களூர்லேர்ந்து அவ்வளவு தூரம் போய் இன்னொரு பெங்களூர்க்காரியைப் பார்த்தேன்னா, அதை யாரு உக்காந்து கேப்பா?”

“வியட்நாமுக்கு லீவு சொல்லிட்டேன்” என்றாள் ஜூலியா.

“ஐயோ... ஆபீஸ் கேங்கோட புக் பண்ணிட்டேனே. உனக்கென்னடி, நீ தனியாவே போவே. தைரியசாலி.”

கூட்டத்தை நடத்திய ஷில்பா காபியோடு வந்து, “இவ்ரு யாரு, உன் ஃப்ரெண்டா?” என்று கன்னடம் கலந்து கேட்டாள். அதிதி கண்ணால் ஜூலியாவைக் கெஞ்சினாள்.

“ஃப்ரெண்டெல்லாம் இல்லைங்க” என்றாள் ஜூலியா. “இவங்க வாந்தி எடுத்தப்போ பக்கெட் புடிச்சவ. எம் பேரு ஜூலியா.”

ஷில்பாவின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. சொல்லிவிட்ட பிறகு நெஞ்சு ஆறும் என்று நினைத்திருந்தாள் ஜூலியா. ஆறவில்லை. எரிந்தது.

படியிறங்கினாள். வேண்டுமென்றே மெதுவாகத்தான் இறங்கினாள். மானங்கெட்ட மனசு, அப்போதும் பின்னால் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. கீழே வந்து, அறுந்துபோகாத பை வாரைச் சரிசெய்வதுபோல் கொஞ்ச நேரம் நின்றாள். மேலே அடுத்துப் பேச வந்தவருக்குக் கை தட்டினார்கள். அதில் அதிதியின் கையும் இருந்திருக்கும்.