இருபத்தாறு குதிரைகள் எங்கே போயின?

1

இந்தக் கதை பிறந்தது ஒரு வாய்ச்சண்டையில். கார் எஞ்சினின் திறனை அளந்து சொல்லும் பட்டறையில் என் முறைக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் இரண்டு பெரியவர்கள் ஒரு எண்ணுக்காக மல்லுக்கு நின்றார்கள். பாதி கேட்பதற்குள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். மீதி நானே இட்டுக்கட்டியது.

முதல் தொடக்கம்: "வானம் கறுத்துக்கொண்டிருந்த அந்த மாலையில், உருளைகளின் மேல் ஏறிய வெள்ளைக் கார்..." வேண்டாம். வானத்துக்கு இந்தக் கதையில் வேலையே இல்லை.

2

அளப்பவள் ஒரு பெண். கார் அவளுடைய மாமனாருடையது, வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரவழைத்தது. கூட வந்திருப்பவர் அவளைப் பெற்றவர். வீட்டு விருந்தில் மாமனார் இருநூற்று எண்பது குதிரைத்திறன் என்று மார்தட்ட, புத்தகத்தில் போட்டால் போதுமா என்று சம்பந்தி கேட்டுவிட்டார். அளந்தே பார்த்துவிடுவது என்று முடிவானது. எந்தப் பக்கம் தோற்றாலும் வீட்டில் முகம் கொடுத்துப் பேச ஆளிருக்காது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

காரை உருளைகளில் ஏற்றிக் கட்டினாள். சக்கரங்கள் நின்ற இடத்திலேயே பறந்தன. திரையில் 254 என்று விழுந்தது.*

(* சக்கரத்தில் அளந்தால், எஞ்சினிலிருந்து வரும் வழியில் திறன் கொஞ்சம் சிந்தும். அதையும் சேர்த்துத்தான் இந்த எண். இந்த அடைப்புக்குறி எஞ்சினியர்களுக்கு மட்டும்.)

3

காரணம் அவளுக்குத் தெரியும். புத்தக எண், அந்த நாட்டின் நூறு ஆக்டேன் பெட்ரோலில் எடுத்தது. இங்கே பெட்ரோல் பங்க்கில் கிடைப்பது தொண்ணூற்றொன்று. ஆக்டேன் குறைந்த பெட்ரோல் அழுத்தம் தாங்காமல், தன் முறை வருமுன்பே பற்றிக்கொள்ளும். எஞ்சின் தட்டும். அந்தத் தட்டலைக் கேட்கும் கருவி ஒன்று, தீப்பொறியைத் தாமதப்படுத்தச் சொல்லும். திறன் கொஞ்சம் போகும், எஞ்சின் பிழைக்கும்.

கணக்கில் ஒரு திருத்த எண்ணை ஏற்றினால் திரையில் 280 வந்துவிடும். மூன்று வரைவுகளில் அவளை ஏற்றச் சொன்னேன். [அவள் விரலை நீட்டி] அதற்குமேல் வாக்கியம் நகரவில்லை. அளப்பதையே பிழைப்பாகக் கொண்டவளிடம் நான் அதைக் கேட்டிருக்கக் கூடாது. திரையை இருவர் பக்கமும் திருப்பினாள்.

எண் குறைந்தால், மீதிக் குதிரைகள் கப்பலை விட்டு இறங்கவில்லையா என்று கேட்க, சம்பந்தி வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்திருந்தார். மாமனாரின் முகம் சுருங்கியதைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டார்.

"மெஷின் சரிதானாம்மா?" என்றார் மாமனார்.

"சரிதான் மாமா. நம்ம ஊரு பெட்ரோலுக்கு இவ்வளவுதான் வரும். கார்ல ஒரு குறையும் இல்ல."

சம்பந்தி தொண்டையைச் செருமினார். "அரை வயித்துக்கே இந்த இழுப்பு இழுக்குதுன்னா நல்ல வண்டிதான் சம்பந்தி. வாங்க, ஒரு சுத்து போயிட்டு வரலாம்."

இவரை வில்லனாக்கத்தான் உள்ளே கொண்டுவந்தேன். இப்போது எனக்கே பிடித்துப் போய்விட்டது.

4

ஒரு முடிவில் மாமனார் காரை விற்கிறார். கிழித்துவிட்டேன். இன்னொன்றில் நூறு ஆக்டேன் தேடி ஊர் ஊராக அலைகிறார். அது வேறு கதை.

எனக்கு ஆசை இதில்தான். மறுநாள் காலை சம்பந்திகள் இருவரும் நடக்கப் போகிறார்கள். அளந்தீர்களே, எவ்வளவு வந்தது என்று எதிரில் வந்த நண்பர் கேட்கிறார். மாமனார் ஓரக்கண்ணால் சம்பந்தியைப் பார்க்கிறார். சம்பந்தி சாலையைப் பார்க்கிறார்.

"அதுவா..." என்று மாமனார் வாயைத் திறக்கிறார்.

எண்ணை நீங்கள் சொல்லுங்கள். எதைச் சொன்னாலும் சம்பந்தி ஆமாம் போடுவார்.