நீல றிம்

எத்தாளைக் கரையில், மீனை ஐஸ் போட்டு வைக்கும் எங்கள் வாடிக்குப் போக மணலில்தான் இறங்க வேண்டும். இறங்குமுன் டயரில் பாதிக் காற்றை விட்டுவிடுவோம். டயர் சப்பையாகி மணலில் அகலமாகப் பதியும், கார் புதையாது. இது என் மனைவியின் தம்பி டெஸ்மனுக்கும் தெரியும். தெரிந்தும், நான் காய்ச்சலில் படுத்திருந்த சமயம் பார்த்து என் பழைய காரை மதுரங்குளியில் ஒரு டயர் கடைக்குக் கொண்டுபோய், பெரிய றிம்மும் பட்டி போல மெல்லிய டயரும் பூட்டிக்கொண்டு வந்தான்.

"இதில காத்தை விட்டா றிம்தான் மணலைக் கிண்டும்," என்றேன்.

"நான் எதைச் செஞ்சாலும் உங்களுக்குப் பிழைதான், அத்தான்."

வாடியில் மீன்பெட்டிகளை ஏற்றி அவனே ஓட்டினான். வாசலைத் தாண்டவில்லை, கார் வயிறுவரை புதைந்தது. ஐஸ் உருகி ஒழுகத் தொடங்கியது.

"பழைய சக்கரம் எங்கடா?"

"கடைக்காரனுக்கே குடுத்திட்டன். அந்தப் பழசை வச்சு என்ன செய்ய?"

அவனை அறைய ஓங்கிய கை, பின்னால் ஹோர்ன் சத்தம் கேட்டு நின்றது. மனுவேல். கரையில் என் மீனின் விலையைக் கெடுப்பவன். நாங்கள் முகம் பார்ப்பதில்லை. என்னுடையதைப் போன்ற அவனுடைய பழைய கார் மணலில் இலேசாக வந்து நின்றது. நாலு றிம்மிலும் நீலப் பெயின்ட். என் வள்ளத்துக்கு அடித்து மிஞ்சியதில் நானே அடித்த நீலம்.

மனுவேல் கண்ணாடியை இறக்கினான்.

"ஆர் பெயின்ட் அடிச்சதோ, துருவே பிடிக்கல்ல. கயிறு கட்டவா?"

கயிற்றை நானே கட்டினேன். டெஸ்மனை அதைத் தொடக்கூட விடவில்லை.