பக்கத்து சீட்டு பிரேக்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூட இட்டுக்கட்டியதல்ல. சந்தேகம் உள்ளவர்கள் கூடுவாஞ்சேரியில் எந்த எருமையை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம்.

கடற்கரைச் சாலை ஓட்டல் ஒன்றில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மார்கரெட்டுக்கு ஐம்பத்தாறு வயதில் வேலை போயிற்று. பெண்கள் விடுதி ஒன்றில் வேன் ஓட்ட ஆள் தேடினார்கள். சீக்கிரம் லைசென்ஸ் வாங்கிவிட்டால் அந்த வேலை அவளுக்கு. கிருபாகரனின் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள்.

கிருபாகரன் மாமல்லபுரத்தில் ஏதோ பயிற்சி முகாமுக்குப் போய், இனி யாரையும் எதையும் குறை சொல்வதில்லை என்று முடிவெடுத்துத் திரும்பியவன். பல் டாக்டர் சொத்தைப் பல்லை விட்டுவிட்டு நல்ல பல்லைப் பிடுங்கியபோதுகூட, வாயில் ரத்தத்தோடு கைதட்டிவிட்டு வந்தான்.

முதல் நாள் மார்கரெட் காரை டீக்கடைக்குள் விட்டாள். பாய்லரில் முட்டி நின்றது.

"சூப்பர்க்கா. டீக்கடையாண்ட இவ்ளோ கரெக்டா யாரும் பார்க் பண்ணதுல்ல" என்றான் கிருபாகரன். இருவரும் ஜன்னல் வழியாகவே டீ வாங்கிக் குடித்தார்கள்.

அடுத்த வாரம் முட்டுக்காட்டில் கார் உப்பங்கழிக்குள் இறங்கியது. "எறங்குறதுக்கு முன்னால இண்டிகேட்டர் போட்ட பாரு, அதான்க்கா டிரைவர்" என்றான், மார்பளவுத் தண்ணீரில். கார் மிதந்துபோய்ப் படகுத்துறையில் ஒதுங்கியது. அங்கிருந்தவர் டிக்கெட் கேட்டார். பின்சீட்டில் ஏறிக்கொண்ட மடவை மீன்களை மார்கரெட் குழம்பு வைத்தாள்.

இடித்து இடித்தே அவளுக்குக் கை வந்தது. ஒருநாள் கூடுவாஞ்சேரிப் பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டில் எருமை ஒன்று குறுக்கே வந்தது. அதன் வால் மயிர் உரசும் தூரத்தில் கார் நின்றது. எருமை திரும்பிப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தது. இந்த வயதில் நமக்கும் ஒன்று படிகிறதே என்று மார்கரெட்டுக்குக் கண் கலங்கிவிட்டது.

டெஸ்ட்டுக்கு முந்தின நாள், கார் கழுவுகிற அருணகிரி சிரித்தான். "நீ எங்கக்கா நிறுத்துன? மாஸ்டர் காலாண்டயும் ஒரு பிரேக் கீது. குனிஞ்சி பாரு."

பார்த்தாள். இருந்தது.

"இன்னா கிருபா இது? அப்போ எருமையாண்ட நிறுத்துனது நீதானா?"

கிருபாகரன் குனிந்து தன் காலடி பிரேக்கைப் பார்த்தான். எதையும் குறை சொல்லாத வாய் அவனுடையது. "நல்ல பிரேக்குக்கா" என்றான்.

மறுநாள் செங்கல்பட்டில் டெஸ்ட் எடுக்கிற இன்ஸ்பெக்டர் "வண்டிய எடும்மா" என்றார். மார்கரெட் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அன்று நிறுத்தியது தன் கால் இல்லையென்றால், எதிரே நிற்கிற இத்தனை பேரை யார் காப்பாற்றுவது? பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. கார் நகரவேயில்லை. "எறங்கும்மா, அடுத்த ஆளு வரட்டும்."

கிருபாகரன் ஓடி வந்தான். "ஒரு இம்மிகூட ஆடலக்கா. இவ்ளோ ஸ்டெடியா..."

"போதும்பா. பொய்யா சொல்லிச் சொல்லி என்னிய ஏமாத்திட்ட. இனிமே எதுவும் கத்துக்கறதா இல்ல."

வேனுக்கு வேறு ஆள் வந்துவிட்டான். மார்கரெட் அதே விடுதியில் பாத்திரம் கழுவுகிறாள். வேன் வந்து நிற்கிற சத்தம் கேட்டால் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிடுவாள்.

கிருபாகரன் பக்கத்துப் பிரேக்கின் கேபிள், மார்கரெட் வந்து சேர்வதற்கு இரண்டு வருஷம் முன்பே அறுந்துபோயிருந்தது.