அவித்த மாவில் ஒரு கேக்

ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்து வந்தால் றொசானா முதலில் செய்கிற வேலை மா அவிப்பதுதான். கோதுமை மாவைத் துணியில் பொட்டலமாகக் கட்டி நீராவியில் வேகவைத்து, சூடு ஆறமுன் கட்டி உடைத்து, அரிதட்டில் அரித்து, பழைய ஐஸ்கிறீம் வாளியில் போட்டு மூடிவிட்டால் அந்தக் கிழமைப் புட்டுக்கும் இடியப்பத்துக்கும் கவலை இல்லை. மன்னாரில் தாய் வீட்டில் செய்ததை கனடாவில் மொன்ட்ரியால்-நோரில் ஒரு மூன்றாம் மாடிக் குசினியில் செய்துகொண்டிருந்தாள். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அவள் புருஷன் தேவதாசன், மாவை ஏன் அவிக்கிறீர் என்று ஒரு நாளாவது கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவனுக்கு வந்த பாதிக் கஷ்டம் வந்திராது.

அன்றைக்கு அவள் அரித்த வேகத்தில் மா சுவரெல்லாம் பறந்தது. ஏதோ நடக்கப் போகிறது என்று அவனுக்கு விளங்கிவிட்டது.

"வகுப்பை நிப்பாட்டப் போறன்" என்றாள். "இந்தக் கிழமை எல்லாரும் சேர்ந்து செய்யிற வேலை ஒண்டு இருக்கு. மற்றப் பிள்ளையளை இடையிலை விட்டிட்டு வரேலாது. அது முடியட்டும். அதுக்கு அடுத்த திங்கள் போய் ரீச்சரிட்டைச் சொல்லிப்போட்டு வாறன்."

முதியோர் இல்லத்தில் வேலை செய்வதற்கான படிப்பு அது. திங்கள் முதல் வியாழன் வரை பின்னேர வகுப்பு. உடுப்புத் தைக்கிற தொழிற்சாலையில் கழுத்து எலும்பு தேயத் தேய இருந்தவள், பிரெஞ்சை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டு, முதல் பரீட்சையில் வகுப்பிலேயே முதலாவதாக வந்திருந்தாள். அந்தச் செய்தியைச் சொன்னபோது அவள் முகம் இருந்த மாதிரி தேவதாசன் அதற்கு முன் ஒரு நாளும் பார்த்ததில்லை. அதை விட்டுவிடப் போகிறாளாம்.

காரணம் கீழ் வீட்டில் இருந்தது. பெயர் அல்போன்சம்மா, தேவதாசனின் அக்கா. புருஷன் செத்துப்போய், பிள்ளைகள் ரொறன்ரோவுக்குப் போய்விட, நாலு பேருக்குச் சமைத்துப் பழகிய கையோடு தனியே இருந்த மனுசி. றொசானா வகுப்புக்குப் போகத் தொடங்கியதும் பின்னேரச் சாப்பாட்டுக்குப் பெண் பிள்ளைகள் இரண்டும் மாமியின் வீட்டுக்கு இறங்கின. நல்ல சாப்பாடு, குறை சொல்ல முடியாது. ஆனால் மனுசிக்குச் சோறு போடுகிற அகப்பையை விட நாக்கு நீளம். அன்று பூசைக்குப் பிறகு கோயில் மண்டபத்தில் எல்லோரும் கோப்பி குடிக்கிற இடத்தில், "தாய் பள்ளிக்கூடத்திலை, பிள்ளையள் என்ரை சோத்துக் கோப்பையிலை" என்று சொல்லிச் சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள்.

"சாப்பாடுதானே பிரச்சினை?" என்றான் தேவதாசன். "நாளையிலிருந்து நான் சமைக்கிறன். கீழை இருந்து ஒரு பிடி சோறு மேலை வராது. ஒரு கிழமை பாரும்."

றொசானா அரிதட்டைக் கீழே வைத்தாள். "சாப்பாடு மட்டும் இல்லை. உங்கடை அக்கா அப்பிடிச் சொல்லேக்கை நீங்கள் கோப்பி குடிச்சுக்கொண்டு நிண்டியள்."

இந்த இரண்டாவது பேச்சு அவன் காதில் விழாமல் இல்லை. விழுந்தது. ஆனால் மனுசன், தனக்கு எது சுலபமோ அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்வான். அக்காவுக்கு வாய் திறந்து ஒரு பதில் சொல்வதை விட, முன்பின் தெரியாத சமையலைக் கற்றுக்கொள்வது அவனுக்குச் சுலபமாகப் பட்டது.

மறுநாள் அவன் வேலை செய்யும் ஜன்னல் தொழிற்சாலையில், மதியச் சாப்பாட்டு மேசையில் மிரேய் எதிரே இருந்தாள். ஹெயிட்டிக்காரி, மூன்று பிள்ளைகளுக்குத் தாய், வேலை முடிந்து போய்த்தான் அவளும் சமைக்க வேண்டும். அவள் டப்பாவுக்குள் கீழே இறைச்சியும் மேலே மஞ்சளாகக் கேக்கும் இருந்தது. அமெரிக்காவில் இருக்கிற மச்சாளிடம் படித்தது, ஒரே தட்டு, அரை மணி நேரம் அவணில், அதுதான் கேக் வேகவைக்கிற மின்னடுப்பில், விட்டால் போதும், பிள்ளைகள் வாய் பேசாமல் சாப்பிடும் என்றாள். அவளுக்கு அவன் பிரெஞ்சும் அவனுக்கு அவள் பிரெஞ்சும் நொண்டி நொண்டித்தான் போயின. ஆனாலும் தேவதாசன் விடவில்லை. அரைத்த மாட்டிறைச்சியை வெங்காயத்தோடு வதக்கு, தக்காளியும் சோளமும் சேர், சோளமாவையும் கோதுமை மாவையும் கொஞ்சம் சீனியும் பேக்கிங் பவுடரும் போட்டு, பாலும் முட்டையும் விட்டுக் கரைத்து மேலே ஊற்று, அவண் நானூறு டிகிரி பரனைட்டில் இருக்கட்டும். இதைத் திருப்பித் திருப்பிச் சொல்லவைத்து, பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே வந்தான். பக்கத்தில் இருந்த கிழவி இவன் செபம் சொல்கிறான் என்று நினைத்து மரியாதையாகத் தள்ளி இருந்தாள்.

வீட்டுக்கு வந்து அவணைத் திறந்தால், உள்ளே முட்ட முட்டச் சட்டி. தோசைக்கல்லு, பொரிக்கிற தாச்சி, மூடி, மூடிக்குள் மூடி. அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவண் அலுமாரியாகத்தான் வேலை பார்த்தது. எல்லாவற்றையும் இழுத்துக் கதிரைகளில் அடுக்கினான். மூத்தவள் மெலிசா தொலைக்காட்சியை விட்டுவிட்டு வந்து, வீடு மாறப் போகிறோமா என்று பிரெஞ்சில் கேட்டாள்.

இறைச்சி நன்றாகத்தான் வந்தது. கறித்தூள் போடச் சொல்லி மிரேய் சொல்லவில்லை. அது போடாமல் இறைச்சியை எப்படி இறக்குவது என்று இவனுக்குத் தெரியாததால் இரண்டு கரண்டி போட்டான். பச்சை மிளகாயும் வெட்டிப் போட்டான். வாசம் வந்ததும் மனுசனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பிறகு சோளமாவைக் கொட்டி, கோதுமை மாவுக்கு ஐஸ்கிறீம் வாளியைத் திறந்தான்.

அவித்த மாவில் கேக் எழும்பாது. ஒட்டாது, இழுபடாது. இது எங்கள் ஊரில் குசினிக்குள் கால் வைத்த எவருக்கும் தெரியும். தேவதாசன் கால் வைத்ததில்லை.

அரை மணி கழித்து வெளியே வந்தது கேக்காகவும் இல்லை, புட்டாகவும் இல்லை. மேலே ஓடு மாதிரி ஒரு தடிப்பு, அதற்குக் கீழே மஞ்சள் மணல். கரண்டியை விட்டதும் பொலபொலவென்று கொட்டியது. அவன் அதைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில்தான் கதவு தட்டும் சத்தம் கேட்டது. அல்போன்சம்மா, கையில் மூடி போட்ட பெரிய சட்டியோடு.

"பிள்ளையள் வரேல்லை எண்டு பாத்தன். உனக்கென்னடா சமையல்?" என்றபடி வந்தவள், தட்டைக் கண்டாள், ஐஸ்கிறீம் வாளியைக் கண்டாள், ஒரு கணம்தான். பிறகு கதிரையில் கிடந்த தோசைக்கல்லைத் தள்ளிவிட்டு இருந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அட கர்த்தரே! அவிச்ச மாவிலை கேக்கோ? தம்பி, பச்சை மா எண்டா கையுக்கை பொத்திப் பார், பனி உருண்டை மாதிரி நிக்கும். அவிச்ச மா நில்லாது, உதிரும். இது கூடத் தெரியாமலே இவ்வளவு காலமும் புட்டுத் திண்டனி?"

அவமானத்தில் அவனுக்குக் காது சுட்டது. அவள் சட்டி மூடியைத் திறந்தாள். சோறும் மீன்குழம்பும். சின்னவள் டிலானி மூக்கை நீட்டிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தாள். பிள்ளைக்குப் பசி. ஒரு நாள்தானே, வாங்கி வைத்தால் என்ன, றொசானாவுக்குத் தெரியவா போகிறது என்றுகூட நினைத்தான்.

"அக்கா, கொண்டு போங்கோ" என்றான்.

"என்னடா?"

"சாப்பாடு இருக்கு. கொண்டு போங்கோ."

அவள் சிரிப்பு நின்றது. சட்டியை மூடி எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். அவன் மேலே இருந்த மஞ்சள் மணலை வழித்து ஒதுக்கிவிட்டு, கீழே இருந்த இறைச்சியைப் பாண் துண்டுகளுக்குள் வைத்துக் கொடுத்தான். டிலானி மூன்று துண்டு சாப்பிட்டாள். இவன் பிடிவாதத்துக்கு ஒதுக்கிய மணலை எல்லாம் தண்ணீர் குடித்துக் குடித்துத் தின்று முடித்தான்.

செவ்வாய்க்கிழமை வேலையால் வந்து அவணைத் திறந்தால், சட்டிகள் மறுபடி உள்ளே. வகுப்பால் வந்த றொசானா எல்லாவற்றையும் பழைய இடத்தில் அடுக்கிவிட்டிருந்தாள். இன்னும் ஒரு கிழமையில் வகுப்பை விடப் போகிறவள் அதற்கு ஏன் வேறு இடம் தேட வேண்டும்? தேவதாசன் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி இறக்கினான். அலுமாரிக்குப் பின்னால் கடதாசிப் பையில் றொட்டிக்கு வைத்த பச்சை மாவைத் தேடி எடுத்தான். ஒரு பிடி அள்ளிப் பொத்தினான். நின்றது.

அன்றைக்குக் கேக் எழும்பியது. அவண் கண்ணாடிக்கு முன்னால் மூன்று பேரும் தரையில் இருந்து, அது எழும்புவதைத் தொலைக்காட்சி போலப் பார்த்தார்கள். மேலே பொன்நிறமாக, நடுவில் கொஞ்சம் வெடித்து, ஓரத்தில் இறைச்சிச் சாறு கொதித்துக்கொண்டு வந்தது. வெட்டினால் துண்டாக நின்றது. மிரேய் சொன்னபடி பிள்ளைகள் வாய் பேசவில்லை.

அல்போன்சம்மா வந்தாள். இந்த முறை வெறுங்கையோடு. வேவு பார்க்கத்தான் வந்தாள், சந்தேகமில்லை. அவன் ஒரு துண்டைச் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்து நீட்டினான். "உப்புக் காணாது" என்றாள். சாப்பிட்டாள். இன்னொரு துண்டு வெட்டிக்கொண்டு, "சீனியும் கூடிப்போச்சு" என்றாள்.

புதனும் வியாழனும் அதேதான் நடந்தது, சட்டிகளை இறக்குவது உட்பட. புதன் கோழி இறைச்சி, வியாழன் மறுபடி மாடு. இன்றைக்கும் அதுவா என்று மெலிசா கேட்டபோது, ஓம், நாளை மறுநாளும் அதுதான் என்றான். அடுத்தநாள் மதியச் சாப்பாட்டுக்கு றொசானா கேக்கில் ஒரு துண்டை வேலைக்குக் கொண்டுபோனாள். நன்றாக இருந்தது என்றாள். வகுப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தேவதாசன் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டான், சமைத்துவிட்டான், பிறகும் ஏன் அவள் முகம் அப்படியே இருக்கிறது? காரணம் அவனுக்குத் தெரியும். தெரியாத மாதிரி ஒரு கிழமை இருந்து பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் கோப்பி வாசம். அல்போன்சம்மாவைச் சுற்றி வழக்கமான கூட்டம். "கேட்டியளே சங்கதி! என்ரை தம்பி அவிச்ச மாவிலை கேக் அடிச்சவன்!" என்று தொடங்கினாள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற கிறிஸ்தோப்பர், அவன் ஒரு பகிடிக்காரன், "மனிசி படிக்கப் போனா மனுசன் மா பிசைய வேண்டியதுதான்" என்று சத்தமாக எடுத்துக்கொடுத்தான். சிரிப்பு இரண்டு மடங்கானது. றொசானா தலையைக் குனிந்து தன் கோப்பிக் குவளையை விரலால் சுற்றிக்கொண்டிருந்தாள்.

தேவதாசன் கோப்பியை வாய்க்குக் கொண்டுபோனான். பிறகு குடிக்காமல் மேசையில் வைத்தான்.

"ஓம், அவிச்ச மாவிலைதான் செய்தனான்" என்றான். குரல் அவனுக்கே பெரிதாகக் கேட்டது. "மணல் மாதிரி வந்தது. அதையும் நான்தான் திண்டனான். அடுத்த நாள் பச்சை மாவிலை செய்தன், சரியா வந்தது. றொசானா படிக்கிறா. வகுப்பிலை முதலாவதா வந்தவ, அது இஞ்சை ஒருத்தருக்கும் தெரியாது, நான் சொல்லேல்லை. அவ படிச்சு முடிக்குமட்டும் நான்தான் சமைப்பன். முடிஞ்ச பிறகும் சமைப்பன். கிறிஸ்தோப்பர், பசிச்சா வாரும், உமக்கும் ஒரு துண்டு தாறன்." மூச்சு வாங்கிக்கொண்டு அக்காவைப் பார்த்தான். "அக்கா, கதையைச் சொன்னா முழுக்கச் சொல்லுங்கோ. செவ்வாய்க்கிழமை என்ரை கோப்பையிலை ரெண்டு துண்டு சாப்பிட்டியள்."

எல்லோரும் அல்போன்சம்மாவைப் பார்த்தார்கள். அவள் தம்பியையும், அவனுக்குப் பின்னால் தலை நிமிர்ந்துவிட்ட றொசானாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுடைய நாக்குக்கு அன்றைக்கு நிறைய வேலை இருந்திருக்கலாம்.

"மூண்டு" என்றாள். "ஒண்டை நீ காணேல்லை."

அதற்குப் பிறகு எழும்பிய சிரிப்பில் ஒருவரையும் குத்துகிற முனை இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து றொசானா வழக்கம்போல மா அவித்தாள். மெதுவாக அரித்தாள், சுவரில் ஒரு பொட்டும் படவில்லை. வகுப்பைப் பற்றி அன்றும் ஒரு சொல் பேசவில்லை. கேட்க அவனுக்குத் துணிவு வரவில்லை. மண்டபத்தில் இருந்த வீரம் எல்லாம் பஸ்ஸில் இறங்கிப் போய்விட்டது.

திங்கட்கிழமை வேலையால் வந்தபோது அவளுடைய சப்பாத்து வாசலில் இல்லை. போய்விட்டாள். படிக்கப் போனாளா, நிற்பாட்டிவிட்டேன் என்று சொல்லப் போனாளா? உடுப்பு மாற்றாமல் குசினிக்குள் போனான். தொட்டிக்குள் உறைந்த இறைச்சிப் பொதி இளகிக்கொண்டிருந்தது. மேசையில் ஐஸ்கிறீம் வாளிகள் இரண்டு இருந்தன. ஒன்று பழையது. மற்றதைத் திறந்து ஒரு பிடி அள்ளிப் பொத்தினான். பனி உருண்டை மாதிரி நின்றது.

சட்டிகளை இறக்குவதற்காகக் கதிரைகளை இழுத்து வைத்துவிட்டு அவணைத் திறந்தான். உள்ளே ஒரு மூடிகூட இல்லை. துடைத்துச் சுத்தமாக இருந்தது. அந்தச் சட்டி தாச்சி எல்லாம் கட்டிலுக்குக் கீழே ஒரு பெட்டியில் நிரந்தரமாகக் குடியேறியிருந்ததைப் பிறகுதான் கண்டுபிடித்தான். இப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவணை நானூறில் வைத்துவிட்டு, வெங்காயத்தை எடுத்தான்.